தெர்மாகோல் சாரும் டோக்கன் கொள்ளையும்

உலகத்தில் எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, ஒரு பிளேடும் இரண்டு அட்டையும் தெர்மாகோல் சார் கையில் கொடுத்துவிட்டால் இருபது நிமிஷத்தில் வந்து நின்றுவிடும். அடுத்த இருபது நிமிஷத்தில் அதே சாமி மதம் மாறியும் நின்றுவிடும். மத நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அதைப் பசை போட்டு ஒட்டியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. எல்.கே.ஜி. குழந்தை முதல் கரஸ்பாண்டன்ட் மேடம் வரை எல்லாருக்கும் அவர் தெர்மாகோல் சார். டிராயிங் மாஸ்டர் என்றுதான் வேலைக்கு எடுத்தார்களாம். ஆனால் அவர் பேனா பிடித்து நான் பார்த்தது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் வெட்டுவார். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, தலைமுடியில் வருஷம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் மணி. அவருக்குத் தலை நரைத்துவிட்டதா இல்லையா என்பது அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரிந்திருக்காது.

எங்கள் பள்ளி செங்கம் ரோட்டில் இருக்கிறது. கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளைகள், பஜார் கடைக்காரர் பிள்ளைகள், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள், வேங்கிக்கால் பக்கமிருந்து வரும் அதிகாரிகளின் பிள்ளைகள், இவர்களோடு மலையைப் பார்க்க வந்து வாடகைக்கு வீடு பிடித்துவிட்ட வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் எட்டுப் பேர். இப்படி ஒரு கலவை அமைந்துவிட்டதால் கரஸ்பாண்டன்ட் மேடத்துக்கு 'டைவர்சிட்டி' என்ற வார்த்தை மேல் தீராத பிரியம். பண்டிகை அன்று லீவு. ஆகவே எங்கள் பள்ளியில் எல்லாப் பண்டிகையும் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். எல்லா மதத்துக் கடவுள்களும் சர்க்குலர் பார்த்து வந்து, பத்தரை மணிக்குள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். பதினொன்றுக்கு யூனிட் டெஸ்ட்.

மேடத்தின் கணக்கில் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பண்டிகை என்று ஒரு பட்டியல் உண்டு. பிள்ளைகள்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. ஆறாம் வகுப்பு ஜோனாஸைக் கிறிஸ்துமஸுக்கு முன்வரிசையில் நிற்கச் சொன்னபோது அவன் கையைக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்ல அதெல்லாம் பண்றதில்ல மேடம். பிரதோஷம் மட்டும்தான்" என்றான். அவனுடைய ஜெர்மன் அப்பா தன் பெயரைச் சிவதாஸ் என்று மாற்றிக்கொண்டு தினம் கிரிவலம் போகிறவர். குருக்கள் வீட்டுப் பையன் அந்தப் பக்கம் கேக்கைவிட்டு நகரமாட்டேன் என்று நின்றான். இம்ரானுக்கோ பொங்கலுக்குக் கரும்பு வெட்டும் வேலைதான் வேண்டும். அவரவர் பண்டிகையைத் தவிர மற்ற எல்லாப் பண்டிகையும் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

தெர்மாகோல் சாரின் ஸ்டோர் ரூமில் இருந்தது மொத்தமே ஒரு செட்தான். ஒரு மலை, ஒரு பானை, ஒரு பிறை, ஒரு நட்சத்திரம். நவம்பரில் மலை உச்சியில் சிவப்புக் காகிதம் ஒட்டினால் கார்த்திகை தீபம். டிசம்பரில் பஞ்சு ஒட்டினால் பெத்லகேம். ஜனவரியில் பச்சைப் பெயின்ட் அடித்தால் பொங்கலுக்குப் பின்னணியில் கிராமம். பானையைக் கவிழ்த்தால் ரம்ஜானுக்கு மசூதிக் கும்மட்டம். ஒரு தடவை அவசரத்தில் கும்மட்டத்தின் மேல் 'பொங்கலோ பொங்' என்று பாதி எழுத்து அழியாமல் நின்றுவிட்டது. இம்ரானின் அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்.

"வெட்டுனத வீணாக்கக் கூடாது சார்" என்பார் என்னிடம். "சாமிக்கு என்ன, எல்லாம் ஒண்ணுதான். அட்டை வெலதான் ஜாஸ்தி."

இதைச் சிக்கனம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவருக்கு இன்னொரு வியாதி இருந்தது. எந்தப் பண்டிகை வந்தாலும், அதைக் கொண்டாடும் ஒரு வீட்டுக்கு நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வந்த பிறகுதான் பிளேடை எடுப்பார். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தார். கேட்பது மூன்றே கேள்வி: அன்றைக்கு முதலில் யார் எழுந்திருப்பார்கள், யார் சமைப்பார்கள், யார் கோவித்துக்கொள்வார்கள். முதல் இரண்டுக்கும் வீட்டுக்கு வீடு பதில் மாறியது. மூன்றாவதுக்கு மட்டும் எல்லா மதத்திலும் ஒரு மாமா இருந்தார். ஆகவே சார் இரண்டடி உயரத்தில், கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிற ஒரு உருவத்தை வெட்டி, பண்டிகைக்குத் தக்கபடி வேட்டி, பேன்ட், தொப்பி மாற்றி எல்லாக் காட்சியிலும் ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டார். கிறிஸ்துமஸ் குடிலில் ஞானிகள் மூவர், நாலாவதாக இவர்.

மேடம் பார்த்துவிட்டார். "யாரு சார் இது?"

"கோவிச்சுக்கிட்ட மாமா, மேடம்."

"பெத்லகேம்ல ஏது சார் மாமா?"

"இருந்திருப்பாரு மேடம். மூணு பேருக்கு மட்டும் சொல்லிட்டு இவர வுட்டுட்டாங்க."

ஒரு வருஷம் கார்த்திகை விழாவுக்காக ஆறடி உயர மலையை வீட்டில் புதிதாகச் செய்து, மொபெட்டின் பின்னால் கட்டி எடுத்துவந்தார். அன்று பௌர்ணமி. ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். தெலுங்கில் பாடிக்கொண்டு வந்த ஒரு கோஷ்டி, முன்னால் மலை ஒன்று மெதுவாக நகர்ந்து போவதைப் பார்த்து, ஏதோ ஆசிரமத்து ஊர்வலம் என்று பின்னாலேயே சேர்ந்துகொண்டது. நாமும் சேர்வோம் என்று இன்னும் நூறு பேர். பள்ளி வாசலில் வண்டியைத் திருப்பப் போனவரை, "ஒன் வே சார், நேரா போங்க" என்று போலீஸ்காரர் தள்ளிவிட்டார். ஒரு அம்மா கற்பூரத் தட்டோடு நெருங்க, "யம்மா! கிட்ட வராதீங்கம்மா, உருகிடும்மா!" என்று சார் அலற, உள்ளம்தான் உருகும் என்கிறார் போலிருக்கிறது என்று அந்த அம்மா கண்ணில் நீர் வைத்துக்கொண்டார். அரை கிலோமீட்டர் வரவேண்டிய மனிதர் பதினாலு கிலோமீட்டரும் சுற்றி மாலை ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார். மலையே மலையைச் சுற்றிய நாள் அது ஒன்றுதான்.

இந்த மனிதரிடம்தான் என் வேலை மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் பாடம் படிக்கப் போன முதல் ஆள் நான். அப்பாவும் போயிருக்கிறார், வெள்ளையடிக்க. நான் படித்து முடித்து, சமூக அறிவியல் ஆசிரியராக இங்கே சேர்ந்தேன். இரண்டு வருஷம் தற்காலிகம், அதற்கப்புறம் மேடத்துக்குத் திருப்தி என்றால் பர்மனென்ட் ஆர்டர். அப்பா அந்த 'அதற்கப்புற'த்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. நான் சேர்ந்த அன்றே ஊரில் டீக்கடை வரை போய், "பையனுக்குப் பர்மனென்ட்" என்று சொல்லிவிட்டார். ஆகவே பள்ளி என்னை வைத்துக்கொள்கிறதோ இல்லையோ, வேலை போய் ஊருக்குத் திரும்புகிற வழி எனக்கு நிரந்தரமாக அடைபட்டிருந்தது.

ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "அக்ரி" என்றேன். கலெக்டர் ஆபீஸில் வேளாண்மைத் துறை என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் அது.

இரண்டாவது வருஷம் மாசி மாதம், பிளஸ் டூ தொடங்க அனுமதி கேட்டிருந்ததால் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வரப்போவதாகச் செய்தி. மேடம் உடனே 'உலகப் பண்டிகைகள் நாள்' அறிவித்தார். ஓர் ஆசிரியருக்கு ஒரு பண்டிகை, ஒரு பந்தல். மொத்தத்துக்கும் பொறுப்பு நான்.

"சார், பண்பாடு நல்லா தெரியணும். ஆனா கிரவுண்டு அசிங்கமாகக் கூடாது" என்றார் மேடம். "இது மட்டும் நல்லபடியா முடியட்டும், உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

எனக்கு ஒதுக்கிய நாடு ஜப்பான். ராத்திரியெல்லாம் படித்துச் சார்ட் எழுதினேன். தெர்மாகோல் சார் நோட்டோடு வந்து நின்றார்.

"ஜப்பான்காரங்க யாராவது தெரியுமா சார் உங்களுக்கு?"

"தெரியாது சார். புக்ல இருக்கு."

"யாரு கோவிச்சுக்குவாங்கன்னு புக்ல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப அது பண்டிக இல்ல சார். உங்க ஊர்ல என்னா பண்டிக?"

"பொங்கல், தீபாவளி..."

"அது எல்லா ஊர்லயும் இருக்கு. உங்க ஊர்ல?"

மணி அடித்தது. பிழைத்தேன் என்று வகுப்புக்கு ஓடினேன். ஆனால் நோட்டைத் திறந்துவிட்டால் மூடத் தெரியாத ஆள் அவர். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் மொபெட்டில் போய், டீக்கடையில் "பர்மனென்ட் வாத்தியார் வீடு எது?" என்று கேட்டு, எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூம் வாசலிலிருந்தே குரல் வந்தது.

"சார்! உங்க அப்பா எவ்ளோ பெரிய ஆர்ட்டிஸ்ட் சார்! சொல்லவே இல்லியே!"

கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் பெரிய பண்டிகை மயானக் கொள்ளை. சிவராத்திரி முடிந்து வரும் அமாவாசையில், சுடுகாட்டில் அங்காளம்மனை மண்ணாலேயே பெரிதாகப் படுத்த நிலையில் செய்வார்கள். அவித்த பயறு, கொழுக்கட்டை, கிழங்கு, முருங்கைக்கீரை, சில்லறைக் காசு எல்லாம் அவள் மேல் குவியும். பிறகு அதையெல்லாம் முறத்தில் அள்ளிக் கூட்டத்தின் மேல் வீசுவார்கள். அதுதான் கொள்ளை விடுவது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். அம்மன் உடம்பின் மண்ணையும் ஒரு பிடி எடுத்துப் போய் நிலத்தில் போட்டால் விளைச்சல் நன்றாக இருக்கும். அந்த உருவத்தைச் செய்வதும் முறம் பிடித்து விடுவதும் வருஷா வருஷம் என் அப்பா. கலெக்டர் ஆபீஸில் இதற்குத் துறை கிடையாது.

"அமாவாசைக்கு முன்னாடி செய்யலாமான்னு கேட்டேன் சார். 'புள்ளைங்களுக்குக் காட்டறதுக்குத்தான, ஆத்தா கோவிச்சிக்க மாட்டா'ன்னுட்டாரு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். யாருக்கும் கையில எடுத்துக் குடுக்கக் கூடாதாம். வுடணுமாம்."

"சார், மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"காலைலயே சொல்லிட்டேன் சார்."

மேடத்தின் அறைக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். "மயானமா?" என்றார் மேடம். "ஸ்கூல்லயா?" ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "கொள்ளையா?"

"பேருதான் மேடம் அப்படி" என்றார் சார். "உள்ள எல்லாம் கொழுக்கட்டதான்."

வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவார் என்று நானும் நம்பிக்கையோடு நின்றேன். ஆனால் ஆய்வுக் குழுவின் படிவத்தில் 'உள்ளூர் மரபு' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. மேடத்துக்குக் காலிக் கட்டம் ஆகாது. ஐந்து நிமிஷத்தில் மயானக் கொள்ளை 'அறுவடைப் பகிர்வு விழா' ஆயிற்று. மயானம் விளையாட்டு மைதானம் ஆயிற்று. கொள்ளைக்கு மஞ்சள், பச்சை, நீலம் என்று முந்நூறு டோக்கன் அடிக்கச் சொன்னார். வரிசையில் வந்து டோக்கனைக் காட்டினால், ஆளுக்கு ஒரு கொழுக்கட்டை பாக்கெட்டில் போட்டுக் கையில் தரப்படும். மஞ்சள் ஒன்று ஆய்வுக் குழுத் தலைவருக்கு.

"கையில குடுத்தா அது பிரசாதம் மேடம்" என்றார் சார். "எட்டிப் புடிச்சாதான் கொள்ள."

"சார், இவங்க ஃபீஸ் கட்டுற பேரன்ட்ஸ். எட்டிப் புடிக்கல்லாம் மாட்டாங்க." மேடம் என் பக்கம் திரும்பினார். "டோக்கன் பொறுப்பு உங்களது சார். மைக்ல நம்பர் கூப்பிடுங்க. ஒரு ஆள் வரிசை மாறக் கூடாது. புரியுதா?"

புரிந்தது. தலையை ஆட்டினேன். வெளியே வந்ததும் சார் கேட்டார்: "உங்க அப்பாவுக்கு நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேனே சார், இப்ப என்னா பண்றது?"

"அப்பாவ நான் பாத்துக்கறேன் சார். தயவுசெஞ்சு நீங்க பேசாம இருங்க."

மண் ஒரு டிராக்டர் லோடு வேண்டும் என்று சார் கேட்டிருந்தார். கிரவுண்டு பாழாகும் என்று மேடம் அரை லோடுதான் அனுமதித்தார். இருபது அடி அம்மனுக்கு அரை லோடு எங்கே காணும்? சார் முந்தின நாள் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து, உள்ளே ஏதேதோ அடைத்து, மேலே மண்ணைக் குழைத்துப் பூசி முடித்தார். வாழ்நாளில் ஈரத்தையே தொடாத மனிதர், முட்டிவரை சேறாக நின்றார்.

அன்று காலை அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு, முறத்தோடும் இரண்டு அண்டா அவித்த சாமானோடும் ஊர் வேனில் வந்து இறங்கினார். நான் கேட் பக்கம் போனேன். அங்கே வேறு ஆசிரியர்களும் நின்றார்கள். அப்பா ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பி, "வணக்கம் சார்" என்றார்.

நானும் "வணக்கம், வாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

டோக்கன் விஷயத்தைச் சொல்லவும் இல்லை. அப்பா போய் மண் உருவத்தைச் சுற்றி வந்தார், குனிந்து தோள்பட்டையில் தட்டிப் பார்த்தார்.

"உருவம் நல்லா வந்துகீது சார். உள்ள இன்னாமோ சத்தம் வேற மாதிரி கேக்குதே?"

"மண்ணு கம்மிங்க. கொஞ்சம் அடைச்சு வெச்சிருக்கேன்" என்றார் தெர்மாகோல் சார். "மேல வெயிட் ஜாஸ்தி போட்டுடாதீங்க."

பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் சஃபாரி போட்ட பெரியவர். சிரிப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தவர் மாதிரி முகம். ஜப்பானைப் பார்த்தார், சீனாவைப் பார்த்தார், பிரேசிலைப் பார்த்தார். எல்லா நாட்டிலும் ஒரே பிள்ளைகள் ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டு நின்றார்கள். எதற்கும் அவர் முகம் அசையவில்லை. கடைசியாக மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெற்றோர்கள் முந்நூறு பேர் கயிற்றுக்கு வெளியே கையில் டோக்கனோடு நின்றார்கள். ஒரு பக்கம் நிறையப் பட்டுப்புடவைகள், ஒரு பக்கம் புர்க்காக்கள், ஜோனாஸின் அப்பா அம்மா நெற்றி நிறைய விபூதியோடு.

மேடம் எனக்குக் கை காட்டினார். மைக்கை எடுத்து, "மஞ்சள் நம்பர் ஒன்று" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, முறத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"சார், வுடலாங்களா?"

ஊரில் விடுவதற்கு முன் பெரியவர்களிடம் இப்படித்தான் உத்தரவு கேட்பார். அங்கே நாட்டாமையிடம் கேட்பதை இங்கே என்னிடம் கேட்கிறார். பெற்ற பிள்ளையை 'சார்' போட்டு, நான் வாங்கப்போகும் ஆர்டருக்காக இந்த மைதானத்தில் தன்னை யாரோ ஒரு ஆளாக்கிக்கொண்டு கேட்கிறார். முன்வரிசையில் மேடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து டோக்கன், டோக்கன் என்று காட்டிக்கொண்டிருந்தார். தெர்மாகோல் சாரைப் பார்த்தேன். ஏதாவது ஜாடை காட்டுவார் என்று நினைத்தேன். அவர் அம்மனின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அவர் கவலை அவருக்கு.

"டோக்கன் வேணாங்க" என்றேன் மைக்கில். என் குரல்தான் அது என்று எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. "எங்க ஊர்ல இத கையில குடுக்கற வழக்கம் இல்ல. முறம் வெச்சிருக்கறவரு எங்க அப்பா. அவரு இப்ப வுடுவாரு. புடிக்கறவங்க புடிச்சுக்கலாம்." மைக்கை எடுக்காமலே சொன்னேன்: "அப்பா, வுடு."

அப்பா விட்டார்.

முதல் முறம் காற்றில் போனபோது யாரும் அசையவில்லை. ஃபீஸ் கட்டுகிறவர்கள் அல்லவா. ஒரு கொழுக்கட்டை மட்டும் தனியாக உயர்ந்து முன்வரிசைப் பக்கம் வந்தது. ஆய்வுக் குழுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இடது கையால் ஃபைலைப் பிடித்தபடி, வலது கையால் அதைப் பிடித்தார். பிடித்த கையோடு வாயில் போட்டார்.

அவ்வளவுதான். கயிறு அறுந்தது.

குருக்கள் வீட்டு மாமி பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்ந்தார். இம்ரானின் அம்மா ஒரே எட்டில் இரண்டு கிழங்கு பிடித்தார். சிவதாஸ் "அருணாசலா!" என்று கத்திக்கொண்டு பயறு மழையில் நின்றார். "சார், இங்க வுடுங்க, இங்க வுடுங்க" என்று வேங்கிக்கால் அதிகாரி ஒருவர் மனுக் கொடுப்பவர் மாதிரி கெஞ்சினார். முந்நூறு டோக்கனும் காலடியில் கிடந்தன. இத்தனை வருஷமாக எங்கள் பள்ளியில் ஒரே விழாவில் தள்ளித் தள்ளி நின்ற பெற்றோர்கள் முதல் தடவையாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

அண்டா காலியானதும், "மண்ணையும் எடுத்துக்கலாம்!" என்று என் அப்பா சொன்னார். கூட்டம் அம்மன் மேல் போனது.

"ஐயோ! மெதுவா! உள்ள இருக்கு! உள்ள இருக்கு!" என்று தெர்மாகோல் சார் கத்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஏதோ பெரிதாக இருக்கிறது என்று ஜனங்கள் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள். தோள்பட்டையிலிருந்து முதலில் நட்சத்திரம் வந்தது. வயிற்றிலிருந்து பானை. தொடையிலிருந்து பிறை. முதுகுப் பக்கத்திலிருந்து மலையே நான்கு துண்டாக வந்தது. மண் போதாமல், மொத்த ஸ்டோர் ரூமையும் அவர் அம்மனுக்குள் அடைத்து வைத்திருந்தார். கொள்ளையில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என அப்பா மறுபடியும் அறிவித்தார். ஆகவே இம்ரானின் அம்மா கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தோடு போனார். குருக்கள் வீட்டு மாமி பிறையைப் புடவையில் துடைத்து எடுத்துக்கொண்டார். கோவித்துக்கொண்ட மாமா யாருக்கும் சேராமல், மேடத்தின் காலடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுந்தார். காற்றில் பறந்த வெள்ளை மணிகள் மாசி மாத வெயிலில் செங்கம் ரோடு வரை பனியாகப் பெய்தன.

பண்பாடு நன்றாகத் தெரிந்தது. கிரவுண்டு அசிங்கமானது.

மூன்று மணிக்கு மேடத்தின் அறை. "மைக்ல பேசினது யாரு?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் மேடம்" என்றார் தெர்மாகோல் சார்.

மேடம் போனை எடுத்து வீடியோவைப் போட்டார். மைக்கோடு நான், வாய் அசைய, பேசுகிறேன். சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து முழுக்கப் பார்த்தார்.

"வாய் அவருதுதான் மேடம். பேச்சு என்னுது."

"எப்படி சார்?"

"எழுதிக் குடுத்தது நானு. தற்காலிகத்துல இருக்கறவரு, குடுத்தத படிக்காம என்னா பண்ணுவாரு?"

"அவர் கையில பேப்பரே இல்ல சார்!"

"மனப்பாடம் பண்ணச் சொன்னேன் மேடம்."

"மேடம், அப்படி இல்ல, அவர் சும்மா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பாருங்க" என்றார் சார். "இதையும் நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சொல்றாரு."

மேடத்துக்கு எல்லாம் தெரிந்தது. ஆனால் அவருக்கு வேண்டியது ஒரு கடிதம், கீழே ஒரு கையெழுத்து. சார் அங்கேயே எழுதிக் கொடுத்தார். பேனா பிடித்து அவர் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதியதை அன்றுதான் பார்த்தேன். எழுத்து அவ்வளவு மோசம். மறுநாளே ஆரணிப் பக்கத்தில், எல்.கே.ஜி., யு.கே.ஜி. மட்டும் இருக்கிற கிளைப் பள்ளிக்கு அவரை மாற்றிவிட்டார்கள். கடிதம் கொடுத்த கையோடு வாசலில் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தவரிடம், "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"உங்க அப்பா முருங்கக்கீர கட்டிக் குடுத்தாரு சார். வாடறதுக்குள்ள வீட்டுக்குப் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. 'உள்ளூர் மரபு' கட்டத்தில், 'சமூகப் பங்கேற்பு மிகச் சிறப்பு' என்று இருந்தது. அன்று முதல் அறுவடைப் பகிர்வு விழா மேடத்தின் யோசனை ஆயிற்று. புது அட்மிஷன் புத்தகத்தின் அட்டையில், கையில் கொழுக்கட்டையோடு மேடம் சிரிக்கிறார். டோக்கன் இல்லாமல் விட்டதும் அவருடைய புரட்சிகரமான முடிவுதானாம். அப்படியானால் சாரைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்டேன். மாற்றலைத் திரும்பப் பெற விதியில் இடமில்லை என்றார்கள். விதியைப் பார்க்கலாமா என்றேன். அது ஆரணிக் கிளையில் இருக்கிறது என்றார்கள்.

என் ஆர்டர் ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்ததும் கைக்கு வந்தது. வராந்தாவில் நின்று சாருக்குப் போன் செய்தேன். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஆர்டர் வந்துடுச்சு சார்."

"படிங்க."

முழுக்கப் படித்தேன். விதிமுறை, உட்பிரிவு எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார்.

"கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"சீலு?"

"இருக்கு."

"அப்ப இனிமே உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது இல்ல?"

"முடியாது சார்."

பிறகு, "வெச்சுடறேன் சார், இங்க ஒருத்தன் பசைய வாயில போட்டுக்கிட்டான்" என்று வைத்துவிட்டார்.

அப்பாவுக்கு நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன்.